‘சிஸ்டம் ரிஜெக்ட்’ன்னு சொன்னா அது காரணம் ஆகிடுமா?

ஹோம் லோன் வட்டியைப் பத்தி நம்ம சேனல்ல நிறைய பேசியிருக்கோம். இன்னைக்கு அதுக்கும் முந்தின கேள்வி. உங்களுக்கு லோன் கொடுக்கலாமா, எவ்வளவு கொடுக்கலாம், என்ன வட்டி போடலாம்னு முடிவு பண்றது யாரு?

ஒரு காலத்துல பிராஞ்ச் மேனேஜர். இப்போ பல இடங்கள்ல முதல் சல்லடையே ஒரு சாஃப்ட்வேர்தான். 300-லேர்ந்து 900 வரைக்கும் போற க்ரெடிட் ஸ்கோர், சம்பளத்துல ஏற்கெனவே இஎம்ஐ-க்குப் போற பங்கு, வேலை பார்க்கிற கம்பெனி எல்லாத்தையும் போட்டு அலசிட்டு ஒரு முடிவைச் சொல்லிடும். இதை நான் எதிர்க்கலை. மேனேஜருக்கு நம்ம முகம் பிடிக்கணும், தெரிஞ்சவங்க சிபாரிசு வேணும்ங்கிற நிலைமைக்கு இது எவ்வளவோ தேவலை. என் பிரச்சினை ஒண்ணுதான்: மெஷின் ‘முடியாது’ன்னு சொன்னா, ஏன்னு கேட்டாலும் உருப்படியான பதில் கிடைக்கிறதில்லை. “சார், சிஸ்டம் ரிஜெக்ட் பண்ணிடுச்சு”, “எங்க இன்டர்னல் பாலிசிக்கு செட் ஆகலை.” அவ்வளவுதான்.

போன் இஎம்ஐ-ல வாங்க முடியலைன்னா பெரிய நஷ்டம் இல்லை. வீடு அப்படி இல்லையே. சேல் அக்ரிமென்ட் போட்டு, சில லட்சம் அட்வான்ஸ் கொடுத்திருப்பீங்க. கெடு ஓடிட்டு இருக்கும். காரணம் தெரியாம அடுத்த பேங்குக்கு ஓடினா, அங்கேயும் அதே தப்பான தகவல் காத்துட்டு இருக்கலாம். போதாக்குறைக்கு, ஒவ்வொரு அப்ளிகேஷனும் உங்க ரிப்போர்ட்ல ஒரு என்கொயரியா பதிவாகும்.

ரிஜெக்ட் ஆகலைன்னாலும் பாதிப்பு உண்டு. 50 லட்சம், 20 வருஷம், 8.5% வட்டின்னா இஎம்ஐ சுமார் 43,390 ரூபாய். ஸ்கோரைக் காட்டி 9% போட்டா சுமார் 44,990. மாசம் 1,600 ரூபாய்தானேன்னு தோணும். 20 வருஷத்துக்குக் கணக்குப் போட்டா 3.8 லட்சத்துக்கு மேல!

ரிசர்வ் வங்கி சும்மா இல்லை. 2024 ஆகஸ்ட்ல, கடன் கொடுக்கப் பயன்படுற மாடல்களுக்கான விதிமுறை வரைவு ஒண்ணை வெளியிட்டது. மாடலோட முடிவுகள் பாரபட்சம் இல்லாம, விளக்கக்கூடியதா, சரிபார்க்கக்கூடியதா இருக்கணும்னு அதுல இருக்கு. நல்ல விஷயம்தான். ஆனா அந்த வரைவு முக்கியமா பேங்கோட ரிஸ்க்கைக் குறைக்க எழுதினது. போர்டுக்கும் ரிசர்வ் வங்கிக்கும் விளக்க முடிஞ்சா போதுமா? அட்வான்ஸ் கொடுத்துட்டு முழிக்கிற நமக்கு யார் விளக்குவாங்க?

லோன் மறுத்தா முக்கியக் காரணத்தை எழுத்துல தரணும்னு ரிசர்வ் வங்கியோட ஃபேர் பிராக்டிஸ் கோட் பல வருஷமா சொல்லுது. ஆனா ‘இன்டர்னல் பாலிசி’ன்னு ஒரு வரி எழுதினாலே காரணம் சொன்ன கணக்குல போயிடுது. அமெரிக்காவுல இந்த ஓட்டையை அடைச்சிருக்காங்க. அங்க 1974-ல வந்த சம வாய்ப்புக் கடன் சட்டத்தோட விதிகள்படி, குறிப்பிட்ட காரணம் சொல்லணும். ‘எங்க பாலிசிக்குப் பொருந்தலை’, ‘தேவையான ஸ்கோர் வரலை’ இதெல்லாம் காரணமா செல்லாதுன்னு விதியிலேயே எழுதி வச்சிருக்காங்க.

“ஃபார்முலாவைச் சொன்னா ஆளுங்க ஏமாத்துவாங்க”ன்னு ஒரு வாதம் வரும். ஃபார்முலாவை யாருங்க கேட்டா? பரீட்சையில எந்தக் கேள்வியில மார்க் போச்சுன்னு கேட்கிறோம், அடுத்த வருஷ கொஸ்டின் பேப்பரைக் கேட்கலையே!

அதனால, ஹோம் லோனுக்காவது மூணு விஷயம் சட்டமாகணும்னு நினைக்கிறேன்.

1. மறுத்தாலோ, கூடுதல் வட்டி போட்டாலோ, அதுக்கான முதல் நாலு காரணங்களை எழுத்துல தரணும். எந்தக் கணக்கு, எந்தத் தேதின்னு தெளிவா இருக்கணும்.
2. தகவல் தப்புன்னு நிரூபிச்சா, திரும்ப முதல்லேர்ந்து அப்ளை பண்ணச் சொல்லாம அதே அப்ளிகேஷனை மறுபரிசீலனை பண்ணணும்.
3. அந்த மறுபரிசீலனையை, முடிவை மாத்துற அதிகாரம் உள்ள ஒரு மனுஷர் பண்ணணும்.

சட்டம் வர்ற வரைக்கும் நாம என்ன பண்ணலாம்? வீடு தேட ஆரம்பிக்கிறதுக்கு ஆறு மாசம் முன்னாடியே சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் நாலு ரிப்போர்ட்டையும் எடுத்துப் பாருங்க. வருஷத்துக்கு ஒரு முறை முழு ரிப்போர்ட் இலவசம். தப்பு இருந்தா உடனே புகார் கொடுங்க. 30 நாள்ல தீர்க்கலைன்னா, தாமதமாகிற ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தரணும்னு 2024 ஏப்ரல்லேர்ந்து விதி இருக்கு. சேல் அக்ரிமென்ட்ல ‘லோன் கிடைக்கலைன்னா அட்வான்ஸ் திரும்ப வரும்’னு ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்க. லோன் மறுத்தா, காரணத்தை மெயில்ல கேளுங்க. ‘பாலிசி’ன்னு பதில் வந்தா, எந்த பாலிசின்னு திரும்பக் கேளுங்க.

20 வருஷம் நம்ம சம்பளத்துல பங்கு கேட்கிறவங்க, ஒரு பக்கத்துல காரணம் சொல்றதுல என்ன கஷ்டம்?