முதல்ல மூட்டை, அப்புறம் ஓட்டை

கூரை ஒழுகினா முதல்ல நெல்மூட்டையை நகர்த்துவோம். ஓட்டையைத் தேடுறது அப்புறம்தான். ஹார்ட் டிஸ்க்குக்கும் அதே நியாயம்தாங்க. ஆனா நகரத்து நண்பர்கள் பலர், ஃபைல் திறக்கத் திணறினதுமே 'செக் டிஸ்க்' ஓட்டுறாங்க. நோயாளி டிஸ்க்குக்கு அது கூடுதல் சுமை.

முதல்ல போட்டோ, பட்டா நகல் எல்லாத்தையும் வேற டிஸ்க்ல எடுத்துடுங்க. 'டிக் டிக்'னு சத்தம் வந்தா உடனே அணைச்சு, விவரம் தெரிஞ்சவர்கிட்ட கொடுங்க. நகல் எடுத்தப்புறம் ஸ்மார்ட் சோதனை பாருங்க: டிஸ்க்கே தன் உடம்பு நிலையைக் குறிச்சு வெச்சிருக்கும். கெட்டுப்போன செக்டர் எண்ணிக்கை ஏறிக்கிட்டே போனா மாத்திடுங்க.

எங்க பெருமுக்கல் மலைக்கோயில்ல சோழர் காலத்துக் கல்வெட்டு இன்னும் நிக்குது. டிஸ்க் கல்வெட்டு இல்லீங்க. டிஸ்க் கடையில கிடைக்கும். அப்பாவோட போட்டோ கிடைக்குமா?