சிரிக்கும் அட்டை, முறைக்கும் அட்டை

கிர்பி என்று ஒரு வீடியோ கேம் நாயகன். பந்துபோல உருண்டை உடம்பு, இளஞ்சிவப்பு நிறம். அவனுடைய சில விளையாட்டுகளின் ஜப்பான் அட்டையில் அவனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. அதே விளையாட்டுகளின் அமெரிக்க அட்டையில் புருவத்தை நெரித்துக்கொண்டு முறைக்கிறான். ‘ஜப்பானியருக்குக் குழந்தை முகம் பிடிக்கும், அமெரிக்கர்களுக்குச் சண்டைக்காரன்தான் பிடிக்கும்’ என்பது விற்பவர்களின் கணக்கு.

இது புதிதல்ல. 1987-ல் ஜப்பானில் வந்த ‘ராக்மேன்’, அமெரிக்காவில் ‘மெகா மேன்’ ஆனது. விளையாட்டின் நாயகன் சிறுவன் போன்ற ரோபோ. அவன் கையே துப்பாக்கி. அமெரிக்க அட்டையிலோ ஒரு நடுத்தர வயது ஆள், கைத்துப்பாக்கியோடு நின்றார்! அட்டையைப் பார்த்து வாங்கிய பிள்ளைகள் உள்ளே அவரைத் தேடியிருப்பார்கள்.

2001-ல் வந்த ‘இகோ’வின் கதை வேறு. ஜப்பான், ஐரோப்பிய அட்டைகளுக்கு அதை உருவாக்கிய ஃபுமிட்டோ உவேடாவே ஓவியம் தீட்டினார். நீண்ட நிழல்கள், பெரிய கட்டடங்கள், நடுவே ஓடும் இரண்டு சின்ன உருவங்கள். இத்தாலிய ஓவியர் டி கிரிக்கோவின் பாதிப்பில் பிறந்த படம் அது. அமெரிக்க அட்டையில் அந்த ஓவியம் இல்லை. கொம்பு முளைத்த பையனின் முகம்தான் பெரிதாக இருந்தது. அங்கே விற்பனை மந்தமானதற்கு அட்டையும் ஒரு காரணம் என்று சொல்பவர்கள் இன்றும் உண்டு.

ஆக, உள்ளே என்ன இருக்கிறது என்பதைவிட, வாங்குபவரைப் பற்றி விற்பவர் என்ன நினைக்கிறார் என்பதைத்தான் அட்டை அதிகம் சொல்கிறது. நம் வீட்டு அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்திலேயே இதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது: உப்பு பாக்கெட்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்குப் போகிறவர்கள் விழுப்புரம் மாவட்டத்து மரக்காணத்தில் உப்பளங்களைப் பார்த்திருப்பார்கள். பாத்தியை மிதித்துச் சமன்செய்து, உவர்நீர் பாய்ச்சி, வெயிலில் வற்றவிட்டு, விளைந்த உப்பை வாரிக் குவிக்கிறார்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் வேலை நின்றுவிடும்.

பாத்தியில் விளைந்த உப்பு ஒன்றுதான். லாரி ஏறிய பிறகுதான் அதன் வேஷம் மாறுகிறது. சாக்கில் போனால் கருவாட்டுக்கும் தோல் பதனிடுவதற்கும் உதவும். சுத்தம் செய்து, அயோடின் சேர்த்து, பளபளக்கும் உறையில் அடைத்தால் சமையலுக்கு. அடைத்து விற்கும் நிறுவனத்துக்குச் சொந்தமாகப் பாத்தி இருக்க வேண்டும் என்பதில்லை. ஒரே ஊர் உப்பு, வாங்குகிறவரைப் பொறுத்து வேறு வேறு பெயரில், வேறு வேறு படத்தோடு அலமாரியில் உட்காரலாம்.

வீடியோ கேமை முழுதாக ஆடி முடித்தால், அதை உருவாக்கியவர்களின் பெயர்கள் திரையில் ஓடும். உப்பு பாக்கெட்டைக் காலி செய்தாலும், சுடும் வெயிலில் நின்று வாரியவர் யாரென்று தெரியாது. தயாரித்த, அடைத்த நிறுவனத்தின் முகவரி உறையில் இருக்கும். எந்த ஊர்ப் பாத்தியில் விளைந்தது என்று போட வேண்டிய கட்டாயம் இல்லை. மரக்காணம் போன்ற ஊர்களின் பெயர் பல சமையலறைகளுக்குத் தெரியாமல் போவது இப்படித்தான்.

அடுத்த முறை கடையில் உப்பு எடுக்கும்போது முன்பக்கப் படத்தை விட்டுவிட்டுப் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். அயோடின் கலக்காத உப்பை நேரடியாக உண்பதற்கு விற்க 2006 மே 17 முதல் தடை உள்ளது. நம் கைக்கு வரும்போது உப்பில் குறைந்தது 15 பி.பி.எம். அயோடின் இருக்க வேண்டும். சிரிக்கும் சூரியன் முத்திரை அயோடின் உப்புக்கான அடையாளம். கிர்பியின் சிரிப்பு ஊருக்கு ஊர் மாறும்; எந்த நிறுவனத்தின் உறையில் இருந்தாலும் இந்தச் சூரியனின் சிரிப்புக்கு ஒரே அர்த்தம்தான். பிள்ளைகளிடம் பாக்கெட்டைக் கொடுத்து அதைத் தேடச் சொல்லுங்கள். அப்படியே மரக்காணம் எங்கே இருக்கிறது என்றும் சொல்லிவையுங்கள்.