மலக்குடல் புற்றுநோய்: யாருக்கு எத்தனை ஸ்கேன்?

சாதி ஒழிப்பு பேசும் இடத்தில் ஆசனவாயைப் பற்றி எழுதுவதா என்று யாராவது முகம் சுளித்தால், அந்தச் சுளிப்பைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை. மலத்தை அள்ளுவதற்கென்றே சில சாதிகளை ஒதுக்கி வைத்த சமூகம், மலம் வெளியேறும் உறுப்பில் வரும் நோயை எப்படிப் பார்க்கும்? முடிந்தவரை பார்க்காமல் தள்ளிப்போடும்.

நான் மருத்துவ இயற்பியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். வெவ்வேறு ஸ்கேன் படங்களைச் சேர்த்துப் படித்து மலக்குடல் புற்றுநோயை மதிப்பிடுவது என் ஆய்வுப் பொருள்.

மலக்குடல் சுமார் 15 சென்டிமீட்டர் நீளம். அதன் சுவரைச் சுற்றிக் கொழுப்பு; கொழுப்பைச் சுற்றி மெல்லிய உறை. கட்டி சுவருக்குள்ளேயே நிற்கிறதா, கொழுப்புக்குள் இறங்கிவிட்டதா, உறையை நெருங்கிவிட்டதா என்பதைப் பொறுத்தே சிகிச்சை அமைகிறது. உறையிலிருந்து 1 மில்லிமீட்டருக்குள் கட்டி வந்துவிட்டால், அறுவை சிகிச்சைக்குப் பிறகும் அதே இடத்தில் மீண்டும் முளைக்கும் ஆபத்து அதிகம். அதனால் முதலில் கதிர்வீச்சும் மருந்தும் கொடுத்துக் கட்டியைச் சுருக்கப் பார்ப்பார்கள்.

இத்தனையையும் ஒரே கருவி சொல்லாது. ஆசனவாய் வழியே செலுத்தும் அல்ட்ராசவுண்ட், சுவரின் அடுக்குகளைத் தனித்தனியே காட்டும். தொடக்கநிலைக் கட்டிக்கு அது உதவும். ஆனால் பெரிய கட்டி வழியை அடைத்திருந்தால் கருவி உள்ளேயே போகாது. உறையைப் பார்க்க எம்.ஆர்.ஐ. வேண்டும், அந்தக் கணிப்பை நம்பலாம் என்று 2006இல் வெளியான மெர்குரி ஆய்வு காட்டியது. கல்லீரலுக்கோ நுரையீரலுக்கோ பரவியிருக்கிறதா என்று அறிய சி.டி. அதிலும் ஐயம் தீராத சிலருக்கு பெட் ஸ்கேன்.

கதிர்வீச்சு முடிந்தபின் கேள்வி இன்னும் கடினம். எஞ்சியிருப்பது கட்டியா, தழும்பா? சாதாரண எம்.ஆர்.ஐ. படத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியலாம். திசுவுக்குள் நீர் மூலக்கூறுகளின் நகர்வை அளக்கும் எம்.ஆர்.ஐ. முறை, எண்டோஸ்கோப்பி, மருத்துவரின் விரல் மூன்றும் ஒன்றையே சொன்னால்தான் கட்டி மறைந்துவிட்டது என்று ஓரளவு துணிந்து சொல்ல முடியும். அப்படிப்பட்டவர்களுக்கு அறுவை சிகிச்சையைத் தள்ளிவைத்துக் கண்காணிக்கலாம் என்று பிரேசில் மருத்துவர் ஆஞ்சலிட்டா ஹபர்-காமா 2004இல் எழுதினார். அடிமலக்குடலில் கட்டி உள்ள சிலருக்கு, வாழ்நாள் முழுக்க வயிற்றில் மலப்பை கட்டிக்கொள்ளும் நிலை இதனால் தவிர்கிறது.

அந்தப் பட்டியலில் விரலும் இருப்பதைக் கவனியுங்கள். அதற்கு ஒரு கையுறை போதும். ஆனால் மலத்தில் ரத்தம் போகிறது என்று வருபவரிடம் 'மூலம்' என்று சொல்லி, தொட்டுப் பார்க்காமலே களிம்பு எழுதி அனுப்புவது இங்கே எத்தனை முறை நடக்கிறது! கூட்டமும் வேலைப்பளுவும் காரணம்தான். அருவருப்பும் காரணம். அந்த அருவருப்பு பிறவியிலேயே வருவதல்ல. தீட்டு என்று சொல்லிச் சொல்லி வளர்த்தது. நோயாளியும் அதே தீட்டுக்குள் வளர்ந்தவர்தான். பேருந்து நிலையச் சுவரில் ஒட்டிய 'மூலம், பவுத்திரம்' விளம்பரத்தைத் தேடிப் போகிறார். மாதங்கள் ஓடுகின்றன, கட்டி உறையை நோக்கி நகர்கிறது.

கண்டுபிடித்த பிறகாவது நிலைமை சமமாகிறதா? சி.டி. ஒரு நாள், எம்.ஆர்.ஐ. இன்னொரு நாள், எண்டோஸ்கோப்பி வேறொரு நாள் என்றால், தினக்கூலிக்குப் போகும் ஓர் அருந்ததியர் பெண்ணுக்கு அது மூன்று நாள் கூலி. துணைக்கு வருபவருக்கும் மூன்று நாள். காப்பீட்டு அட்டை மருத்துவச் செலவை ஏற்கலாம். போன கூலியை அது தராது. இரண்டாவது ஸ்கேனோடு நின்றுபோகிறவர்கள் இப்படித்தான் உருவாகிறார்கள். பிறகு ஆய்வுக் கட்டுரையில் 'முழுமையான தரவு இல்லை' என்று அவர்களை நீக்கிவிடுகிறோம். அதன்பின் நாங்கள் அச்சிடும் துல்லியக் கணக்கு, எல்லா ஸ்கேனையும் முடிக்க வசதி இருந்தவர்களின் கணக்கு. அட்டவணையில் வயது இருக்கும், பால் இருக்கும், ஆசனவாயிலிருந்து கட்டியின் தூரம் இருக்கும். சாதி இருக்காது.

பையோடு வீடு திரும்புகிறவருக்கு ஒற்றை அறையும் பொதுக் கழிப்பிடமும்தான் என்றால், அவர் அதை எங்கே மாற்றுவார்? மருத்துவமனையில் பை நிறைந்தால் யாரைக் கூப்பிடுகிறார்கள், அந்த ஒப்பந்தத் தொழிலாளி எந்தச் சாதி என்பதையும் பாருங்கள். இரண்டும் ஒரே பிரச்சினை.

சிறுநீர்க் குழாயோடும் வாளியோடும் மேடை ஏறியவர் பெரியார். 1973 டிசம்பர் 19 அன்று தியாகராய நகரில் கடைசி உரையை ஆற்றியபோதும் உடலின் கழிவுக்காக அவர் வெட்கப்படவில்லை. அந்த மரபில் வந்த நாம் இதைப் பேசக் கூச வேண்டியதில்லை.

நாம் கேட்க வேண்டியவை இவை. ஆசனவாயில் ரத்தம் என்று வரும் எவரையும் விரல் பரிசோதனை செய்யாமல் ஆரம்ப சுகாதார நிலையம் திருப்பி அனுப்பக் கூடாது. தேவையான ஸ்கேன்களை ஒரே இடத்தில், முடிந்தவரை ஒரே நாளில் முடிக்க வேண்டும். அந்த நாட்களுக்குக் கூலி ஈடு வேண்டும். முடிவைத் தமிழில் விளக்க வேண்டும். மலப்பை தடையின்றி இலவசமாகக் கிடைக்க வேண்டும். அதை மாற்றவும் கற்றுத்தரவும் பயிற்சி பெற்ற செவிலியர் வேண்டும், துப்புரவுத் தொழிலாளியின் தலையில் கட்டக் கூடாது.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ யாராவது 'மூலம்தான், சரியாகிவிடும்' என்று மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தால், இந்த வாரமே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். விரலால் பார்த்தீர்களா என்று அங்கே கேளுங்கள்.