சிப்பாய்க்கு மெடல், அவளுக்கு மட்டும் வசையா?



போன மாதம் அம்பர்நாத்தில் சங்கக் கூட்டம் முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது, பெரியவர் ஒருவர் உல்லாஸ்நகர்ப் பழங்கதையை எடுத்தார். இன்றும் நாம் "மூணாம் நம்பர் கேம்ப்", "நாலாம் நம்பர் கேம்ப்" என்கிறோமே, அது இரண்டாம் உலகப் போரில் சிப்பாய்களைத் தங்கவைத்த கல்யாண் மிலிட்டரி கேம்ப். 1947-இல் நாடு பிரிந்தபின் சிந்தி அகதிகள் அங்கே குடியேற்றப்பட்டார்கள். 1949-இல் ஊருக்குப் புதுப் பெயர் வந்தது. பெரியவர் இதோடு நிறுத்தியிருக்கலாம். "பட்டாளம் இருந்தா பக்கத்துல அந்த மாதிரிப் பொம்பளைங்களும் இருப்பாங்க தம்பி. சிப்பாய் என்ன பண்ணுவான்? கெட்டவளுங்கதான் தேடி வருவாளுங்க" என்று சிரித்தார். நாலைந்து பேர் கூடச் சிரித்தார்கள். இத்தனைக்கும் அவர் பிறந்ததே போர் முடிந்த பிறகு! பக்கத்தில் நம் வீட்டுப் பெண்கள் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

அன்று நான் வாயைத் திறக்கவில்லை. அந்த வெட்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

தேடி வந்தாளா? கொண்டுவந்து வைத்தது யார்? 1864-ஆம் ஆண்டு கண்டோன்மெண்ட் சட்டம் வந்தது. 1868-இல் தொற்றுநோய்ச் சட்டம். பட்டாளத்துக் கடைத்தெருவில் சக்ளா என்ற விடுதிகள். அங்குள்ள பெண்ணின் பெயரைப் பதிந்து சீட்டுக் கொடுத்தார்கள், குறித்த நாளில் உடம்பைச் சோதித்தார்கள், நோய் கண்டால் லாக் ஆஸ்பத்திரியில் அடைத்தார்கள். வரத் தவறினால் அபராதம் அல்லது ஜெயில். நோயைக் கொடுத்த சிப்பாய்க்குச் சீட்டு உண்டா? கிடையாது. 1886-இல் தலைமைத் தளபதி ராபர்ட்ஸ் பெயரில் ஒரு சுற்றறிக்கை போயிற்று: பெண்கள் போதிய எண்ணிக்கையில் இருக்க வேண்டுமாம், பார்க்க அழகாகவும் இருக்க வேண்டுமாம். கோதுமைக்கும் குதிரைக்கும் இண்டெண்ட் போடுவது போல! ஜோசபின் பட்லர் அம்மையார் போன்றவர்கள் இங்கிலாந்தில் கிளர்ச்சி செய்தார்கள். 1888-இல் தொற்றுநோய்ச் சட்டம் ரத்தாயிற்று. ராபர்ட்ஸ் 1893-இல் மன்னிப்புக் கேட்டார்.

ஏன் இந்த ஏற்பாடு? கணக்குதான், தோழர்களே. மனைவியோடு இருக்க அனுமதி பெற்ற வெள்ளைச் சிப்பாய்கள் மிகச் சிலரே. குடும்பம் என்றால் குவார்ட்டர்ஸ், ரேஷன், கப்பல் கூலி. சக்ளா மலிவு. இந்தக் கணக்கு நமக்குப் புதிதா? பம்பாய்க்குக் கூலியாக வந்த ஆணுக்கு ஒரு கோலியில் பத்துப் பேரோடு படுக்க இடம், பெண்டாட்டி பிள்ளைக்கு இடமில்லை. பிறகு காமாட்டிபுராவைப் பார்த்து முகம் சுளிக்கிறோம்!

1943-இல் வங்காளத்தில் பஞ்சம். முப்பது லட்சம் வரை செத்தார்கள். பர்மா போர்முனைக்குப் பின்தளமான கல்கத்தாவில் பல நாட்டுச் சிப்பாய்கள். கிராமத்துப் பெண்கள் ஒரு பிடி சோற்றுக்காக விற்கப்பட்டார்கள். அவளா தேடி வந்தாள்? பசி தள்ளிக்கொண்டு வந்தது. ஒருவன் கையில் துப்பாக்கியும் ரேஷனும், மற்றவள் மடியில் பசித்த குழந்தை. அவள் சரி என்றாள் என்பதற்கு என்ன பொருள்?

வெள்ளைக்காரனைத் திட்டுவது சுலபம். 1987 முதல் 1990 மார்ச் வரை இலங்கையில் இருந்தது நம் தேசத்துப் படை. அமைதிப்படை என்றே பெயர். அங்கே தமிழ்ப் பெண்களுக்கு நடந்த பலாத்காரங்களை ராஜினி திராணகம பதிவு செய்தார். யாழ் பல்கலைக்கழக ஆசிரியை, 'முறிந்த பனை' நூலை எழுதியவர்களில் ஒருவர். 1989 செப்டம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டார். சிப்பாயை மட்டுமா குற்றம் சொன்னார்? பாதிக்கப்பட்ட பெண்ணைக் கறைபட்டவளாகப் பார்த்த சொந்த ஊரையும்தான். அந்த ஊர் எந்த ஊர்? டீக்கடையில் சிரித்த நம் ஊர்தான்.

நான் சிப்பாய்க்கு விரோதி அல்லன். நம் பிள்ளைகளும் பட்டாளத்தில் இருக்கிறார்கள். லீவு கிடைக்காமல், வீட்டு நினைப்போடு. அந்த ஏக்கத்துக்கு வழி லீவும் குடும்பக் குவார்ட்டர்ஸும். இன்னொரு ஏழைப் பெண் அல்ல. குற்றம் செய்தவனைச் சாதாரணக் கோர்ட்டில் நிறுத்தவும் வேண்டும். 1958-ஆம் ஆண்டு ஆயுதப்படைச் சிறப்பு அதிகாரச் சட்டம் அமலிலுள்ள இடங்களில், மத்திய அரசின் அனுமதியின்றி அவன் மீது வழக்கு நடத்த முடியாது. பாலியல் குற்றத்துக்கு அந்த அனுமதி தேவையில்லை என்று ஆக்குங்கள் என 2013 ஜனவரியில் வர்மா கமிட்டி சொன்னது. அந்த ஆண்டின் சட்டத்திருத்தம் இந்த இடத்தைத் தொடவில்லை.

பெரியவரே, நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். உங்கள் மேல் மரியாதை குறையவில்லை. அடுத்த கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவருகிறேன், நீங்களே எதிர்த்துப் பேசுங்கள். பெண்கள் முன்வரிசையில் உட்காரட்டும். டம்ளரை அன்றைக்கு நாம் கழுவிக்கொள்ளலாம்.