மேல்காற்றும் மிதிவண்டியும்



எங்கள் பங்கின் இளைஞர்கள் எட்டுப் பேர் சென்ற மாதம் என்னிடம் ஒரு விண்ணப்பத்துடன் வந்தனர். திருச்செந்தூரிலிருந்து கன்னியாகுமரி வரை கடலோரமாகச் சைக்கிளில் செல்ல வேண்டுமாம். அவர்களுள் சிலர் விசைப்படகுகளில் தொழில் செய்பவர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையுள்ள மீன்பிடித் தடைக்காலத்தில் அவர்களுக்குக் கடலில் வேலை இல்லை. ஆகவே ஜூன் முதல் வாரத்தில் நாளும் குறித்துவிட்டார்கள். "சாமி சரின்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்" என்றான் ஒருவன். அந்த ஒரு வார்த்தையை நான் உடனே சொல்லவில்லை. காரணத்தைப் பின்னர்க் கூறுகிறேன். முதலில் பாதையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

ஏறத்தாழ 90 கிலோமீட்டர் நீளமுள்ள இவ்வழியில் சொல்லத்தக்க மேடு எதுவும் இல்லை. தெற்கு நோக்கிப் புறப்பட்டால் கடல் இடப்பக்கமாகவே உடன் வரும். ஆயினும் அது எப்போதும் கண்ணுக்குத் தெரியும் என்று எண்ணிவிடலாகாது. கிழக்குக் கடற்கரைச் சாலை பல ஊர்களை விட்டுச் சற்று விலகி உள்ளே ஓடுகிறது. கடலைக் காண விரும்புவோர் கிளைச்சாலையில் திரும்பி ஊருக்குள் செல்ல வேண்டும். பலர் அதைச் செய்வதில்லை. லாரிகளுக்கும் பேருந்துகளுக்கும் ஒதுங்கி ஒதுங்கிப் பெருஞ்சாலையிலேயே மிதித்து முடித்துவிட்டு, கடற்கரையைப் பார்த்து வந்தோம் என்று ஊரில் சொல்லிக்கொள்கிறார்கள்!

ஆலந்தலை, கல்லாமொழி ஆகிய ஊர்களைத் தாண்டினால் குலசேகரன்பட்டினம் வரும். தசராத் திருவிழாவால் பெயர் பெற்ற அவ்வூரில் 2024 பிப்ரவரியில் ராக்கெட் ஏவுதளத்திற்கு அடிக்கல் நாட்டினார்கள். அதற்குத் தெற்கே மணப்பாடு. இங்கே ஒரு மணி நேரமேனும் தங்காமல் செல்பவன் இந்தப் பாதையை அறியாதவனே. கடலுக்குள் நீண்டிருக்கும் மணற்குன்றின்மேல் திருச்சிலுவைக் கோவில் நிற்கிறது. அதன் கீழே, அலை வந்து மோதும் பாறையில் ஒரு குகை. 1542-ஆம் ஆண்டு இக்கடற்கரைக்கு வந்த புனித சவேரியார் அக்குகையில் தங்கிச் செபித்தார் என்பது மரபு. குன்றின் உச்சியில் நின்றால் ஒரு புறம் திறந்த கடல், மறுபுறம் கருமேனியாறு வந்து சேரும் அமைதியான கழிமுகம். சவேரியார் இக்கரை நெடுகிலும் கால்நடையாகவே சென்றவர். சுடுமணலில் நடப்பதைவிடத் தார்ச்சாலையில் மிதிப்பது எளிது என்பதை, கால் வலிக்கிறது என்று முனகும் இளைஞர்களுக்கு நான் அவ்வப்போது நினைவூட்டுவதுண்டு.

அடுத்துப் பெரியதாழை, அதன்பின் அந்தோணியார் கோவிலுள்ள உவரி. இங்கிருந்து பாதை இரண்டாகப் பிரிவதாகக் கொள்ளலாம். குமரிவரை செல்ல மனமில்லாதவர்கள் உள்நாட்டுப் பக்கம் திரும்பி, இடையன்குடி, திசையன்விளை, சாத்தான்குளம், உடன்குடி வழியாக ஒரு வட்டமடித்து மீண்டும் குலசேகரன்பட்டினம் சேரலாம். 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல் 1841 முதல் வாழ்ந்த ஊர் இடையன்குடி. அவர் நம் சபையைச் சேர்ந்தவர் அல்லர். ஆயினும் தமிழ் படித்தவன் எவனும் அவ்வூரைப் பாராமல் போகலாகாது.

அந்த வட்டாரத்தில் நிலத்தின் நிறமே மாறிவிடும். தேரி எனப்படும் செம்மணல் மேடுகளும், கண்ணுக்கெட்டிய தூரம் பனைகளும், குடை விரித்தாற்போன்ற உடைமரங்களும் நிறைந்த பூமி அது. உடைமரத்தின் நிழல் பெரியதன்று. அதன் முள் பெரிது. நிழலைக் கண்டு ஆசைப்பட்டுச் சைக்கிளை அதனடியில் உருட்டிச் சென்றவர்கள் இரண்டு டயரிலும் பஞ்சருடன் வெளியே வருவதைப் பார்த்திருக்கிறேன். சைக்கிளைச் சாலையிலேயே நிறுத்திவிட்டு நடந்து செல்வதே புத்தி. பஞ்சர் ஒட்டும் சாமானும் காற்றடிக்கும் பம்பும் இல்லாமல் தேரிப் பக்கம் போகக் கூடாது. கோடையில் அங்கே கிடைக்கும் பதநீரின் சுவையைப் பற்றி எழுதத் தொடங்கினால் இவ்விதழின் பக்கங்கள் போதா.

குமரி செல்வோர் உவரியிலிருந்து கூடுதாழை, கூத்தங்குழி, இடிந்தகரை, கூடங்குளம், செட்டிகுளம் என்று தென்மேற்காக இறங்க வேண்டும். இப்பகுதியில்தான் காற்று தன் ஆட்சியைக் காட்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாயில் நெருக்குண்டு, வேகம் கூடி இப்பக்கம் பாய்கிறது. முப்பந்தலைச் சுற்றிலும் இத்தனை காற்றாலைகள் நிற்பது அதனால்தான். காற்றின் எதிர்ப்பு வேகத்தோடு சமமாக ஏறுவதன்று. வேகம் இரு மடங்கானால் எதிர்ப்பு நான்கு மடங்காகும். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவன் மீது 25 கிலோமீட்டர் வேகக் காற்று எதிரே வீசினால், காற்றில்லாத நாளில் தாங்குவதைப்போல் ஏழு மடங்கு எதிர்ப்பை அவன் நெஞ்சில் தாங்க வேண்டும். சமதரைதானே என்று எண்ணி வந்தவனுக்கு அது மலையேற்றமாகிவிடும்.

இதையெல்லாம் நான் புத்தகத்தில் மட்டும் படித்தேனல்லேன். 2009-ஆம் ஆண்டு ஆடி மாதம், அப்போது நான் இருந்த பங்கின் சிறுவர்கள் பன்னிருவரை அழைத்துக்கொண்டு இதே பாதையில் புறப்பட்டேன். முதல் நாள் இரவு உவரியில் தங்கினோம். கடற்கரையில் வலையைப் பழுது பார்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர், "நாளைக்கு மேல்காத்து ஓங்கி அடிக்கும் சாமி. பிள்ளையள வச்சுக்கிட்டு எதுத்து மிதிக்கப் போறியளா? திரும்பிப் போயிருங்க" என்றார். என் பையில் வரைபடம் இருந்தது; தூரத்தைக் கணக்கிட்டு வைத்திருந்தேன். பகல் உணவுக்குக் குமரியில் இருப்போம் என்று சொல்லிச் சிரித்தேன். அவர் மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. வலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

பத்து மணிக்குக் காற்று ஓங்கியது. பதினொரு மணிக்குத் தண்ணீர் தீர்ந்தது. கூடங்குளத்தைத் தாண்டிச் சிறிது தூரம் சென்றதும், கடைசியாக வந்துகொண்டிருந்த பதினைந்து வயதுப் பையன் சைக்கிளோடு சாய்ந்துவிட்டான். நான் முன்னே மிதித்துக்கொண்டிருந்தேன். அவன் விழுந்ததை நான் காணவில்லை. தலையில் மீன் கூடையுடன் வந்த ஒரு தாய்தான் கூடையைச் சாலையில் இறக்கி வைத்துவிட்டு, அவன் தலையை மடியில் கிடத்தித் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள். அன்று மாலைக்குள் பையன் எழுந்து நடமாடினான். மறுநாள் அவனை வீட்டில் கொண்டு விட்டேன். அவனுடைய தாய் என்னை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "சாமி சாப்பிட்டுட்டுப் போங்க" என்றாள். அந்தச் சோறு எனக்கு இறங்கவில்லை.

ஆகவே இந்த எட்டுப் பேரிடமும், "கடலுக்குப் போகும்போது காற்றைக் கேட்காமலா வள்ளத்தை இறக்குவீர்கள்?" என்றேன். சிறிது நேரம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பின்பு பாதையைத் தலைகீழாக மாற்றினார்கள். கன்னியாகுமரியில் காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டுத் திருச்செந்தூர் நோக்கி வருவது. காற்று முதுகில் இருக்கும். உதிக்கும் சூரியன் கண்ணில் அடிக்கும், அதற்குத் தொப்பி. வழியில் காற்றாலைகளின் முகத்தைப் பார்த்துக்கொள்வது. அவை எப்போதும் காற்றை நோக்கியே திரும்பி நிற்குமாதலால் திசையறியக் கருவி வேண்டாம். பத்து மணிக்கு எங்கே இருந்தாலும் சக்கரத்தை நிறுத்திவிட்டு, மாலை நான்கு மணிக்கு மீண்டும் தொடங்குவது. களைத்தவர் எவரோ அவரே முன்னால் செல்வது. நான் கடைசியில் வருவது.

வாடைக்காற்று வீசும் மார்கழியில் செல்வதாயின் பழைய திட்டமே சரி. திருச்செந்தூரிலிருந்து குமரி நோக்கிச் செல்லலாம்.

சைக்கிள்களைக் கன்னியாகுமரிக்கு ஏற்றிச் செல்ல மீன் வண்டி ஒன்றைப் பேசி முடித்திருக்கிறார்கள். நாற்றம் போக நன்றாகக் கழுவித் தருவதாக ஓட்டுநர் வாக்களித்திருக்கிறாராம். எதற்கும் முந்தின நாள் மாலை நானே போய்ப் பார்த்துவிடலாம் என்றிருக்கிறேன்.