எல்லை தாண்டும் நகரம்

சிங்கப்பூரில் இடம் குறைவு, அடுத்துள்ள மலேசிய மாநிலமான ஜொகூரில் நிலம் மலிவு. 2006-இல் தொடங்கிய இஸ்கந்தர் மலேசியா வளர்ச்சி மண்டலம் எழுந்தது இந்தக் கணக்கில்தான். தொடக்கத்தில் சிங்கப்பூரைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்த அதன் பரப்பில், ரப்பரும் செம்பனையும் நின்ற மண் மனைகளாகி வருகிறது. அங்கே கடலைத் தூர்த்து எழுப்பிய ஃபாரஸ்ட் சிட்டி என்னும் நகரம் 7 லட்சம் பேருக்கெனத் திட்டமிடப்பட்டது. அதன் அடுக்குமாடிகளில் பெரும்பாலானவை ஆளின்றிக் கிடக்கின்றன. அதனருகேதான் ராம்சார் சர்வதேச ஈரநிலப் பட்டியலிலுள்ள பூலாய் ஆற்று அலையாத்திக் காடு இருக்கிறது. வெளிநாட்டுப் பணத்தை நம்பி நிலத்தை மாற்றினால், வாங்குபவர் வராதபோது இழப்பு உள்ளூர் மீனவர் தலையில்தான் விழுகிறது.

வேலைவாய்ப்பு வேண்டாமா என்று கேட்பார்கள். கட்டாயம் வேண்டும். ஆனால் ஆலைக்கும் அலுவலகத்துக்கும் நிலம் ஒதுக்குவது வேறு, முதலீட்டுக்காக மட்டும் வாங்கப்படும் வீடுகளுக்குக் கடலைத் தூர்ப்பது வேறு. நிலம் மாநிலத்தின் உரிமை, அதில் அண்டை நாட்டுக்கு என்ன வேலை என்பது அடுத்த வாதம். ஆனால் ஜொகூர் ஆற்று நீரைச் சிங்கப்பூருடன் பகிர 1962-இல் செய்த ஒப்பந்தம் 2061 வரை நடப்பிலிருக்கிறது. அதனால் எவர் இறையாண்மையும் குறையவில்லை. ஆகவே, 2025 ஜனவரியில் ஜொகூர்-சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்குக் கையெழுத்திட்ட மலேசிய, சிங்கப்பூர் அரசுகள் இரண்டும், நீர்ப்பிடிப்புப் பகுதிகளையும் கரையோரத்தையும் காக்கும் கூட்டு நில வரைபடத்தை முதலில் வெளியிட வேண்டும்.