முட்டை காணாதது தொற்றின்மை ஆகுமா?

சென்ற வாரம் எங்கள் துறையின் ஆய்வுக் கூட்டத்தில் மாணவர் ஒருவர் தம் திட்டத்தை முன்வைத்தார். கல்லீரல் தட்டைப்புழுத் தொற்றைக் கண்டறிய இரு மலப்பரிசோதனை முறைகளை ஒப்பிடுவது நோக்கம். இரண்டில் எதிலேனும் முட்டை தென்பட்டவர் தொற்றுடையவர், இரண்டிலும் தென்படாதவர் தொற்றற்றவர் என்பதே அவருடைய உரைகல். அவை தலையசைத்தது. நான் மறுத்தபோது, "எல்லோரும் இப்படித்தானே செய்கிறார்கள்" என்றார் மூத்த பேராசிரியர் ஒருவர். அந்த விடையை எதிர்த்தே இதை எழுதுகிறேன்.

வடகிழக்குத் தாய்லாந்திலும் லாவோஸிலும் பச்சை மீனுணவின் வழியே மனிதரைப் பற்றும் ஒபிஸ்தோர்கிஸ் விவெரினி பித்தநாளப் புற்றுநோயை விளைவிக்கும் புழு. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1994 இலேயே அதை முதற்பிரிவுக் காரணியாக வகைப்படுத்தியது. புழு ஆண்டுக்கணக்கில் ஈரலில் உயிரோடிருக்கும். "உமக்கு இல்லை" என்று எழுதிக் கொடுக்கும் தாளுக்கு இங்கே உயிரின் விலை உண்டு.

இனிக் கணக்கு. காட்டோ-காட்ஸ் முறையில் அச்சுத்தகட்டின் துளை கொள்வது 41.7 மில்லிகிராம் மலம். அதனால்தான் கண்ட முட்டைகளை 24 ஆல் பெருக்கி, ஒரு கிராமுக்கான எண்ணிக்கை என்கிறோம். இதையே புரட்டிப் பாருங்கள். கிராமுக்கு 24 முட்டைகள் உள்ளவரின் ஒரு கண்ணாடித் தகட்டில் சராசரியாக ஒரே ஒரு முட்டை இருக்கும். முட்டைகள் சீராகக் கலந்துள்ளன என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், பாய்சான் பரவலின்படி ஒன்றுமே அகப்படாமற்போகும் வாய்ப்பு 37 விழுக்காடு. கிராமுக்கு 12 என்றால் 61 விழுக்காடு. உண்மையில் முட்டைகள் சீராகக் கலப்பதில்லை. நாளுக்கு நாள் அளவும் மாறுகிறது.

பார்மலின்-ஈதர் செறிவூட்டல் ஒன்றிரண்டு கிராம் மலத்தை எடுப்பதால் தப்பிவிடுகிறதா? வடிகட்டும்போதும், கசடு அடுக்கை நீக்கும்போதும் முட்டைகளும் சில கழிந்துபோகின்றன. எது மேல் என்பதில் ஒப்பீட்டாய்வுகள் இன்றுவரை ஒரே விடை தந்ததில்லை. எனக்கு அந்தப் போட்டியில் அக்கறையும் இல்லை. இரு முறைகளும் பெரும்பாலும் ஒரே ஆளைத்தான் தவறவிடுகின்றன: புழு குறைந்தவரை. ஒரே இடத்தில் குருடான இரு கண்களைச் சேர்த்துவைத்து, அவை காணாததை உலகில் இல்லாதது என்று அறிவித்தால், உணர்திறன் உயர்ந்துதானே தோன்றும்? நேர்முடிவு எல்லாம் மெய் என்று வரையறுத்துவிட்டபின் குறித்தன்மை நூறு விழுக்காடாவதிலும் வியப்பில்லை. அந்த நூறும் பொய். ஹாப்லோர்கிஸ் போன்ற சிறு குடற்புழுக்களின் முட்டைகள் இதன் முட்டையைப் பெரிதும் ஒத்தவை. கிளிசரின் தெளிவாக்கிய தகட்டில் பழகிய கண்ணும் தடுமாறும்.

இது புதிய கண்டுபிடிப்பன்று. கோன் கேனில் இறந்தோரின் ஈரலைத் திறந்து புழுக்களை எண்ணி, மலத்தின் முட்டைகளோடு ஒப்பிட்ட ஆய்வு 1991 இல் வெளியாயிற்று. ஈரலில் புழு இருந்தும் மலத்தில் முட்டை காணப்படாதவர்கள் அதில் இருந்தார்கள். அதன்பின் சிறுநீரில் புழுவின் எதிர்ப்பொருளூக்கியைத் தேடும் சோதனையும் அங்கேயே உருவானது. மலத்தில் முட்டை காணாதவரிடம் அது நேர்முடிவு தந்தால், உடனே 'பொய் நேர்முடிவு' என்ற முத்திரை! அச்சோதனையும் பிழைபடலாம், மறுக்கவில்லை. ஆனால் அதன் பிழையைத் தீர்ப்பிடும் தகுதி 41.7 மில்லிகிராமுக்கு எங்கிருந்து வந்தது?

கட்டுப்பாட்டுத் திட்டங்களில் இந்தப் பிழையின் விளைவு இன்னும் கொடிது. பிராசிகுவான்டல் கொடுக்கக் கொடுக்கப் புழுச்சுமை குறைகிறது. சுமை குறையக் குறையச் சோதனையின் பார்வை மங்குகிறது. பரவல் வீழ்ந்ததில் எவ்வளவு மருந்தின் வெற்றி, எவ்வளவு சோதனையின் குருடு என்று பிரித்துக் காட்டாத வரைபடத்தை நான் நம்பமாட்டேன்.

காட்டோ-காட்ஸைக் கைவிடச் சொல்லவில்லை. மின்சாரமில்லாச் சிற்றூரில் மிகுதொற்றை அளக்க அதைப்போல் மலிவானது அரிது. மாணவரிடம் நான் கேட்டது இவ்வளவே: வெவ்வேறு மூன்று நாள் மலம், நாளொன்றுக்கு இரு தகடுகள், ஒரு சிறு பிரிவினரிடமேனும் மருந்துக்குப்பின் வெளியேறும் புழுக்களின் எண்ணிக்கை. "மூன்று நாள் யார் ஐயா தருவார்கள்?" என்றார். நியாயமான கேள்வி. தராவிட்டால், அட்டவணையில் 'தொற்றில்லை' என்ற தலைப்பை அடித்துவிட்டு, '41.7 மில்லிகிராமில் முட்டை காணப்படவில்லை' என்று எழுதட்டும்.